பேர் விழுதல்

காலை ஆறரைக்குப் பெரட்டுக்களத்தில் நானும் நின்றேன்.
முதுகில் கூடை இல்லை.
பிராக்கில் கையெழுத்து வைத்து இரவல் வாங்கிய கேமரா.
கீறல் விழுந்தால் என் எட்டு மாத வாடகை.
அம்மாவின் பழைய படங்கில் அதைச் சுற்றியிருந்தேன்.
"ஒனக்கு எந்த மல?" என்றார் கணக்கப்பிள்ளை.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
ஏழாம் நம்பர், என்றேன்.

தொரை தந்தது ஒரே நாள்.
ஃபேக்டரி தெரியக்கூடாது,
லயத்துக் கூரை தெரியக்கூடாது,
கொழுந்து தெரியலாம்.

செவனம்மாக்கா கேட்டாள்:
"நீ சொல்றபடி நடந்தா
இன்னைக்கிப் பேரு விழுமா புள்ள?"
"விழும்க்கா. கடைசில,
கறுப்புல வெள்ளையா, பெருசா."

அவள் கேட்டது செக்ரோல்.
நான் சொன்னது திரை.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
இருபத்தாறு வருஷம்
அந்தப் பேரில்தான் அம்மா எனக்குச் சோறு போட்டாள்.
மூன்று குளிர்காலத்தில்
ஒரு சொல் எனக்குள் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டது.

ஷாட் இவ்வளவுதான்:
ஒரு கை, இரண்டிலையும் மொட்டும், கூடை.

முதல் தடவை பனி இறங்கி மறைத்தது.
இரண்டாவது தடவை அக்காவுக்கு இருமல்.
மூன்றாவதில் கீழே ரோட்டில் பாண் ஆட்டோ.
அதன் மெட்டைத்தான் பிராக்கில்
என் மேல்வீட்டுப் பிள்ளை
பியானோவில் தினமும் தப்புத்தப்பாய் வாசிக்கும்.
ஒரு நொடி எந்த ஊரில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை.
நான்காவதில் எல்லாம் சரி,
நான்தான் பொத்தானை அமுக்கவில்லை.

"கேமராவப் பாக்காதீங்கக்கா."
"நா எங்க பாக்குறேன், அதுதான் என்னயப் பாக்குது."

ஹானா வகுப்பில் சொல்வாள்:
வேலை செய்யும் கைக்கு நேரம் கொடு, அவசரப்படாதே.
யாருடைய நேரத்தை என்று
நான் கேட்டதில்லை.

அக்கா போட்ட கொழுந்தையே திரும்ப எடுத்தாள்,
திரும்பப் போட்டாள்.
ஏழாம் தடவைக்கு அது வாடிப்போயிருந்தது.
புதுசாக ஒன்று கிள்ளச் சொன்னேன்.
ஒன்பதாவது சரியாக வந்தது.
நான் கைதட்டினேன்.
பக்கத்து நிரைக்காரிகள்
அதற்குள் மலையின் அந்தப்புறம் போயிருந்தார்கள்.

அந்தித் தராசு.
கேட்பது பதினெட்டு.
முள் நின்றது பதினொன்றில்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று கழித்துக்
கணக்கப்பிள்ளை தலை நிமிராமல் சொன்னார்:
அரப்பேரு.
செவனம்மாக்கா என் பக்கம் பார்க்கவில்லை,
காலையில் நான் சொல்லிக்கொடுத்தபடியே.

இரவு ஹெட்போன் மாட்டி
ஒன்பது துண்டையும் கேட்டேன்.
காற்று, அட்டைக்கு உதறும் கால், தூரத்தில் நாய்.
அதற்கெல்லாம் அடியில்
வாய்க்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு.
எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.
கிலோவையா, நான் திரும்பத் திரும்பக் கேட்டதையா,
மைக்குக்கு விளங்கவில்லை.

டோர்ச்சோடு அவள் காம்பராவுக்குப் போனேன்.
மிச்ச அரைநாள் காசு, கடித உறையில்.
எண்ணிப் பார்த்து வாங்கினாள்.
சீனியைக் கையில் கொட்டிப் பிளேன்டீ தந்தாள்.
"காசு சரி புள்ள.
இதுக்கு ஈ.பி.எஃப். விழாதே."
அதற்கு என்னிடம் பதில் இல்லை. தேநீர் சுட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்:
"அந்தப் படத்துல... மெய்யாவே போடுவியா?"
"போடுவேன்க்கா. முழுப்பேரு சொல்லுங்க."
"லயத்துல செவனம்மா.
ஐடில சிவனம்மாள்.
கிளினிக் காட்டுல நர்ஸ் நோனா
சிவனம்மா ராமையா பெருமாள்னு எழுதிப்புட்டா,
அப்பா பேரும் தாத்தா பேரும் சேத்து."

பெயர்ப்பட்டியலுக்கு முப்பது வினாடிதான்,
அது பள்ளியின் விதி.
ஹானா, ஒலிக்கு வந்த மாரெக்,
கேமரா அலமாரிச் சாவிக்காரர் எல்லோரும் அதற்குள்தான்.

"எதப் போடட்டும்க்கா?"

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.
விளக்கைச் சின்னதாக்கினாள்.

"எது நீளமோ
அதப் போடு."